ஃபோர்ஹேண்டை முடிவிலிருந்து கற்பிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறை தொடங்கியதும் காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் நடக்கும் டென்னிஸ் பயிற்சி முகாம்களைப் பற்றிய செய்திகளும் படங்களும் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் தவறாமல் வருகின்றன. கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டில் பெற்றோர் மனம் வைக்காத ஊர்களில், எட்டு வயது ஒன்பது வயதுப் பிள்ளைகள் விடிந்தும் விடியாத நேரத்தில் மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவது, பெண்கள் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. அந்த மகிழ்ச்சியோடுதான், அப்படங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு குறையைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். வரிசையாக நிற்கும் பிள்ளைகள் அனைவரும் மட்டையை எதிர்த் தோளுக்குப் பின்னாலோ தலைக்கு மேலோ கொண்டுபோய் நிறுத்தி, முழங்கையை உயர்த்தியபடி நிற்கிறார்கள். புகைப்படத்துக்காக மட்டும் அப்படி நிற்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தாலும் முதல் நாள் பாடமே அதுவாகத்தான் இருக்கிறது. மட்டை பிடித்த கையின் பக்கமாக வரும் பந்தை உள்ளங்கை முன்னோக்கியிருக்க அடிப்பதும், டென்னிஸில் ஒரு பிள்ளை முதலில் கற்பதுமான ஃபோர்ஹேண்ட் அடியை, அதன் முடிவிலிருந்து பின்னோக்கிக் கற்பிக்கும் இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

டென்னிஸ் பந்து மட்டையின் ஸ்ட்ரிங்கில், அதாவது அதன் முகத்தில் பின்னிய நரம்பு வலையில், தங்கியிருக்கும் நேரம், ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏறத்தாழ ஐந்து பங்குதான். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது, பந்து ஸ்ட்ரிங்கின் எந்த இடத்தில் பட்டது என்பவை மட்டுமே பந்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன. அதற்குப் பிறகு மட்டை தோளைச் சுற்றினாலும் இடுப்பைச் சுற்றினாலும் பந்துக்கு அது தெரியப்போவதில்லை. நல்ல ஆட்டக்காரரின் மட்டை அழகாகத் தோளுக்குப் பின்னால் போய் முடிகிறது என்றால், அதற்கு முன்பு கால், இடுப்பு, தோள், கை ஆகிய அனைத்தும் வரிசை மாறாமல் வேலை செய்திருக்கின்றன என்று பொருள். அந்த வேலை எதையும் கற்றுக்கொள்ளாமல் முடிவை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளை, பந்தை எதிர்கொள்வதற்கு முன்பே கையைத் தோளை நோக்கி இழுக்கத் தொடங்கிவிடுகிறது. மட்டை பந்தின் பின்பக்கத்தைத் தாக்காமல் அதன் ஓரத்தை உரசிக்கொண்டு போகிறது. பந்து உயரமாக எழும்பிப் பாதி ஆடுகளத்தில் விழும். இல்லையென்றால் விளிம்பில் பட்டு வேலிக்கு வெளியே போய்விடும்.

ஆகவே கற்பித்தல் தொடங்க வேண்டிய இடம், பந்தும் மட்டையும் சந்திக்கும் இடமே. வலக்கை ஆட்டக்காரருக்கு அந்த இடம் உடலின் வலப்பக்கத்தில், முன்காலுக்கு நேராகவோ அதற்குச் சற்று முன்னாலோ, இடுப்பு உயரத்தை ஒட்டி, கை நெருக்கப்படாமல் தாராளமாக நீளக்கூடிய தொலைவில் அமைய வேண்டும். மட்டையே இல்லாமல் இதைக் கற்பிக்கலாம். பயிற்சியாளர் எதிரே நின்று பந்தை ஒருமுறை தரையில் பட்டு எழும்படி மெல்ல எறிய, பிள்ளை பக்கவாட்டில் திரும்பி நின்று, உள்ளங்கையை முன்னோக்கி வைத்து, அந்த இடத்திலேயே பந்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். உடம்பை ஒட்டிப் பிடித்தாலும், பின்னால் போய்ப் பிடித்தாலும், தலைக்கு மேல் எட்டிப் பிடித்தாலும் அது சரியன்று என்பதைப் பிள்ளையே உணர்ந்துவிடும். இந்த ஒரு பயிற்சியைச் சலிக்காமல் செய்த பிள்ளைக்குப் பிறகு மட்டையைக் கொடுத்தால், பந்து எங்கே வரும்போது அடிக்க வேண்டும் என்பதை வாயால் சொல்ல வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது.

சென்ற கோடையில் எங்கள் பகுதியிலுள்ள ஒரு சிமெண்ட் ஆடுகளத்தில் நடந்த முகாமை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி அடித்த பந்துகள் எல்லாம் வலப்பக்க வேலியை நோக்கியே போய்க்கொண்டிருந்தன. பயிற்சியாளர் நல்ல உழைப்பாளி; வெயில் ஏறும்வரை ஓரிடத்தில் உட்காராதவர். அவர், “மணிக்கட்டைத் திருப்பும்மா, மணிக்கட்டைத் திருப்பு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும் சொன்னபடி திருப்பினாள். இப்போது பந்துகள் வலையில் போய் விழத் தொடங்கின. வலக்கை ஆட்டக்காரரின் ஃபோர்ஹேண்ட் தொடர்ந்து வலப்பக்கமே போகிறது என்றால், பெரும்பாலும் அவர் பந்தைத் தாமதமாக, உடலுக்கு நேராகவோ பின்னாலோ சந்திக்கிறார் என்று பொருள். மட்டையின் முகம் முன்னோக்கித் திரும்பி முடிவதற்குள் பந்து வந்து பட்டுவிடுகிறது. நோய் தாமதத்தில் இருக்க, மருந்தை மணிக்கட்டுக்குக் கொடுத்தால் பழைய தவறோடு புதிய தவறு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பயிற்சியாளரின் அனுமதியோடு அவளிடம் ஒன்றே ஒன்றைச் சொன்னேன்: பந்து உன் பக்கத்துத் தரையில் படுவதற்கு முன்பே தோளைத் திருப்பி முடித்திரு, மற்றதை மறந்துவிடு. இடக்கையை மட்டையின் கழுத்திலிருந்து சீக்கிரம் எடுத்துவிடாதே, அந்தக் கையும் மட்டையோடு சேர்ந்து பக்கவாட்டில் போகட்டும் என்று காட்டினேன். சற்று நேரத்தில் ஒரு பந்து எதிர்ப்பக்கக் கோட்டுக்கு உள்ளே நேராகப் போய் விழுந்தது. “டீச்சர், நான் ஒண்ணுமே பண்ணலையே, அதுவா போகுது” என்றாள். சரியான அடியில் கைக்கு அவ்வளவு குறைவான வேலைதான் தெரியும்.

‘மட்டையைப் பின்னால் கொண்டு போ’ என்று நம் ஊர்களில் காலங்காலமாகச் சொல்லப்படும் கட்டளையே இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. அதைக் கேட்ட பிள்ளை மார்பை வலைக்கு நேராக வைத்துக்கொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டுகிறது. கை போகிறது, உடல் போகவில்லை. அதற்குப் பதிலாகத் ‘தோளைத் திருப்பு’ என்று சொன்னால், இடுப்பும் தோளும் ஒன்றாகத் திரும்ப, மட்டை தானாகவே பின்னால் போய்விடுகிறது. எதிராளி பந்தை அடிக்கும் கணத்தில் இரு பாதங்களாலும் ஒரு சிறு துள்ளல், பந்து வரும் பக்கம் தெரிந்தவுடன் இந்தத் தோள் திருப்பம், பின்பு அடுத்தடுத்துச் சிறு அடிகளாக எடுத்து வைத்துப் பந்துக்கு இடம் அமைத்துக்கொள்ளுதல் என்னும் மூன்றும் பழகிவிட்டால், மட்டையை வீசுவதற்கு வேண்டிய நேரம் தானாகக் கிடைக்கும். நேரம் கிடைத்த பிள்ளை பதற்றப்படாது. பதறாத கைதான் தளர்ந்து வீசும்.

வீச்சின் வலிமை கையில் பிறப்பதன்று. தரையை அழுத்தும் காலில் தொடங்கி, இடுப்பின் சுழற்சியாக மாறி, தோள் வழியாகக் கைக்கு வந்து, கடைசியில்தான் மட்டையின் தலையை எட்டுகிறது. நடவு வயலில் வரப்பில் நின்றபடி நாற்று முடியை நடுவயலுக்கு வீசுபவர்களைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இராது. அவர்களுடைய மணிக்கட்டு இறுகியிருப்பதில்லை, உடம்பு திரும்பிய பிறகே கை வருகிறது, ஆனால் நாற்று முடி விழ வேண்டிய இடத்தில் தப்பாமல் விழுகிறது. ஃபோர்ஹேண்டிலும் மணிக்கட்டு சற்றே பின்சாய்ந்து தளர்வாக இருக்க வேண்டும். அதை வேண்டுமென்றே சுண்டக் கூடாது. மட்டையை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தத் தொடர்ச்சி தோளோடு அறுந்துபோகிறது.

இனி, மட்டையைப் பிடிக்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில்தான் நம் பகுதியில் குழப்பம் அதிகம். டென்னிஸ் மட்டையின் கைப்பிடி உருண்டையானதன்று, எட்டுப் பட்டை கொண்டது. மட்டையின் விளிம்பு தரையை நோக்கி இருக்குமாறு செங்குத்தாகப் பிடித்து, மேற்பட்டையை ஒன்று எனக் கொண்டு வலக்கைக்காரர் வலஞ்சுழியாக எண்ணி வந்தால், ஆட்காட்டி விரலின் அடிமுட்டி இரண்டாம் பட்டையில் அமர்வது காண்டினென்டல் பிடி, மூன்றில் அமர்வது ஈஸ்டர்ன், நான்கில் அமர்வது செமி-வெஸ்டர்ன், ஐந்தில் அமர்வது வெஸ்டர்ன். ஒரு பட்டை தள்ளி அமர்ந்தாலும் மட்டையின் முகம் திரும்பிவிடும். பந்தைச் சந்திக்கும் இடமும் உயரமும் அதற்கேற்ப மாறிவிடும். பிடி வெஸ்டர்ன் பக்கமாக நகர நகர, பந்தை இன்னும் முன்னாலும் இன்னும் உயரத்திலும் சந்திக்க வேண்டியிருக்கும். ஆதலால் பிடியையும் சந்திக்கும் இடத்தையும் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்க முடியாது.

மூத்த பயிற்சியாளர்கள் காண்டினென்டல் பிடியையோ ஈஸ்டர்ன் பிடியையோ கற்றுக்கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்று, 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதிவரை சென்ற ராமநாதன் கிருஷ்ணன் ஆடிய காலம் மர மட்டையின் காலம். நான்கு பெரும் போட்டிகளில் மூன்று, 1974 வரை புல்தரையில்தான் நடந்தன. புல்லில் பந்து தாழ்வாக எழும். தாழ்ந்த பந்துக்கு அந்தப் பிடிகள் பொருத்தமானவை. 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்ற அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணனும், பலத்தைக் காட்டிலும் பந்தை வைக்கும் இடத்தை நம்பி ஆடியவரே. அந்த ஆட்டத்தை இன்றும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் இன்றைய பிள்ளைகள் ஆடுவது சிமெண்ட் தரையில், அகன்ற முகமுள்ள இலேசான மட்டையால். இந்தத் தரையில் பந்து உயரமாக எழும். வெயிலில் சூடேறிய பந்து இன்னும் உயரமாக எழும். எனவே தொடக்கநிலைப் பிள்ளைக்கு ஈஸ்டர்ன் பிடியைக் கொடுத்து, பந்தைத் தட்டையாக எதிர்ப்பக்கம் தள்ளக் கற்ற பிறகு, செமி-வெஸ்டர்னை நோக்கி மெல்ல நகர்த்துவதே சரியான வழி என்று கருதுகிறேன். ஈஸ்டர்ன் பிடிக்கு, உள்ளங்கையை மட்டையின் ஸ்ட்ரிங் மீது தட்டையாக வைத்து, அப்படியே கைப்பிடிவரை வழுக்கிக்கொண்டு வந்து பிடித்தால் போதும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது புரிந்துவிடும்.

பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பின்னைப் பற்றிப் பெற்றோர்கள் அதிகம் கேட்கிறார்கள். மட்டை கீழிருந்து மேல்நோக்கி ஏறும்போது பந்தின் பின்பக்கத்தை வருடிச் செல்வதால் பந்து முன்னோக்கிச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி காற்றில் பந்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அதனால் வலைக்கு மேலே தாராளமான உயரத்தில் போன பந்தும் கோட்டுக்கு உள்ளேயே விழுந்துவிடுகிறது. அதிவேகக் கேமராவில் பதிவு செய்து கணக்கிட்டபோது, அமெரிக்க ஆட்டக்காரர்களான சாம்ப்ராஸ், அகாசி ஆகியோரின் ஃபோர்ஹேண்டில் பந்து நிமிடத்துக்கு 1,800 முதல் 1,900 சுற்றுவரை சுழன்றது. ஸ்பெயின் ஆட்டக்காரர் ரஃபேல் நடாலுடையது சராசரியாக 3,200 சுற்று. நடால் 2004இல் சென்னை ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்றவர், 2008இல் அங்கே ஒற்றையர் இறுதிப் போட்டியிலும் ஆடியவர். தலைக்கு மேல் சாட்டையாகச் சுழன்று முடியும் அவருடைய வீச்சு, அப்போட்டி நடந்த சென்னை நுங்கம்பாக்கத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கும் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் அந்த வீச்சிலும் மட்டை பந்தைச் சந்திக்கும் கணத்தை நிறுத்திப் பார்த்தால், கை முன்னே நீண்டிருக்கும், மட்டையின் முகம் ஏறத்தாழச் செங்குத்தாக இருக்கும், தலை அசையாமல் பந்தின் மேலேயே இருக்கும். அவரும் சிறுவயதில் இரு கைகளாலும் ஃபோர்ஹேண்ட் அடித்துப் பழகியவர்தான். நம் பிள்ளைகளில் கை வலுவில்லாத சிலர் தொடக்கத்தில் இரு கைகளாலும் அடித்தால், அதை உடனே தடுக்க வேண்டிய அவசியமில்லை.

இவை அனைத்தையும் எவ்வளவு பொறுமையாகக் கற்பித்தாலும், பிள்ளையின் கையில் கொடுக்கும் பந்தும் மட்டையும் பொருந்தாதவையாக இருந்தால் பயனில்லை. இதுவே நம் முகாம்களில் உள்ள பெருங்குறை. விதிப்படியான மஞ்சள் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கீழே விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் முழு உயரமே ஏறத்தாழ அவ்வளவுதான் அல்லது அதைவிடக் குறைவு. ஆடுகளத்தின் கடைக்கோட்டில் நிற்கும் அந்தப் பிள்ளையிடம் பந்து தோளுக்கு மேலே, சில நேரம் தலைக்கு மேலே வந்து சேர்கிறது. இடுப்பு உயரத்தில் பந்தைச் சந்திக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இடுப்பு உயரத்தில் ஒருபோதும் வராத பந்தைப் போட்டுக்கொடுக்கிறோம். பிள்ளை என்ன செய்யும்? எப்படியாவது எட்டுவதற்காகக் கையை மட்டையின் அடிப்பட்டைக்கு நகர்த்தி, முழங்கையைத் தூக்கி, மணிக்கட்டால் சுண்டும். அந்தப் பழக்கம் ஓராண்டில் எலும்பில் ஊறிவிடுகிறது; பிறகு எந்தப் பயிற்சியாளராலும் அதை எளிதில் மாற்ற முடிவதில்லை.

இதை உணர்ந்துதான் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, பத்து வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012 முதல் விதியையே மாற்றியது. அதற்கென மூன்று வகைப் பந்துகள் உள்ளன. சிவப்புப் பந்து மஞ்சள் பந்தைவிட 75 விழுக்காடு மெதுவானது, ஆரஞ்சு 50 விழுக்காடு, பச்சை 25 விழுக்காடு. அதே 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் சிவப்புப் பந்து ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் எழும். சிவப்புப் பந்துக்கான ஆடுகளத்தின் நீளம் ஏறத்தாழ 36 அடி, ஆரஞ்சுக்கு ஏறத்தாழ 60 அடி. பச்சைப் பந்துக்குத்தான் முழு ஆடுகளமான 78 அடி. வலையின் உயரமும் சிவப்புக்கு 80 செ.மீ. அளவில் போதும். பந்து மெதுவாக வருவதால் பிள்ளைக்குத் தோளைத் திருப்ப நேரம் கிடைக்கிறது. தாழ்வாக எழுவதால் இடுப்பு உயரத்தில் சந்திக்க முடிகிறது. நான் மேலே எழுதிய அத்தனை பாடங்களையும் அந்தப் பந்து பாதிக்கு மேல் தானே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. இரட்டையர் ஆட்டத்துக்கான முழு ஆடுகளத்தின் அகலம் 36 அடி. சிவப்புப் பந்து ஆடுகளத்தின் நீளமும் அதுவே. ஆகவே இருக்கிற ஆடுகளத்தை எடுத்துக்கொண்டு, வலையின் நடுவிலிருந்து பின்வேலிவரை, இரு பக்கமும் 80 செ.மீ. உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் பழைய துணிகளைத் தொங்கவிட்டால், பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறிய ஆடுகளங்கள் கிடைத்துவிடும். இப்போது இரண்டு பிள்ளைகள் அடிக்க, மீதிப்பேர் வரிசையில் நின்று வெயிலைக் குடித்துக்கொண்டிருக்கும் அதே இடத்தில், எட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடலாம். சிவப்புப் பந்துகள் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். முகாம் நடத்துபவர்கள் மொத்தமாக வரவழைத்தால் அந்தக் குறை தீரும். அவை வந்து சேரும்வரை, காற்று இறங்கிப்போய் மூலையில் கிடக்கும் பழைய மஞ்சள் பந்துகளைத் தூக்கி எறியாமல் சிறு பிள்ளைகளுக்கு ஒதுக்கிவைக்கலாம். புதுப் பந்து கொடுத்தால்தான் மதிப்பு என்று பெற்றோர் எண்ணுவதை மாற்றுவது, பந்து வாங்குவதைவிடக் கடினமாக இருக்கக்கூடும்.

முகாம் முடிந்த பிறகு ஆடுகளம் கிடைக்காத பிள்ளைகளுக்குச் சுவர்ப் பயிற்சியைப் போல் வேறொன்றில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் ஆகிய ஊர்களில் தெரு நெடுகப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் மதிலில் சிறுவர்கள் பந்தடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய சுண்ணாம்புக் காரைப் பூச்சு பெயர்ந்தால் அதை மறுபடி அதே வழவழப்போடு பூசுவதற்கு ஆள் கிடைப்பது அரிது; அந்த மதில்களை விட்டுவிடுவோம். பள்ளிகளின் காம்பவுண்டுச் சுவரில் மூன்றடி உயரத்தில் ஒரு கோடு போட்டு, மாலை நேரத்தில் கதவைத் திறந்துவைத்தால் போதும். ஆனால் சுவரிலும் ஒரு முறை வேண்டும். சுவர் எதிராளியைவிட வேகமாகப் பந்தைத் திருப்பித் தந்துவிடுவதால், நெருங்கி நின்று ஓங்கி அடிக்கும் பிள்ளைக்குத் தோளைத் திருப்ப நேரமே இருக்காது. தாமதப் பழக்கம் சுவரிலேயே வளர்ந்துவிடும். தள்ளி நின்று, பந்தை இரண்டு முறை தரையில் படவிட்டு, மூன்றில் ஒரு பங்கு வலுவில் அடித்தால், ஒவ்வோர் அடிக்கும் முன்பு முழுதாகத் திரும்பி நிற்கலாம். எண்ணிக்கைக்காக வேகத்தைக் கூட்டக் கூடாது.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கமோ முழங்கையின் உட்பக்கமோ வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாளும் அனுப்பிவைக்கும் வழக்கம் வேண்டாம். வளரும் வயதில் எலும்பின் முனைகள் முழுதாகக் கெட்டிப்பட்டிருப்பதில்லை. முதலில் ஓய்வு, வலி தொடர்ந்தால் மருத்துவர், அதன் பிறகு மட்டையின் எடையையும் நீளத்தையும் பிடியையும் சரிபார்த்தல் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

காரைக்குடி இப்போது மாநகராட்சி. அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரியும் இங்கேயே இருக்கிறது. ஆசிரியப் பயிற்சி பெறும் அந்த மாணவர்கள் கோடை முகாம்களில் சிறு பிள்ளைகளின் பகுதியை மட்டும் பொறுப்பேற்று நடத்த வழி செய்தால், ஒரே பயிற்சியாளர் முப்பது நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் நிலை மாறும். கையால் பந்தைப் போட்டுக்கொடுக்கவும், ஒவ்வொருவரின் விரல் முட்டியும் எந்தப் பட்டையில் இருக்கிறது என்று குனிந்து பார்க்கவும் ஆள் இருக்கும். முகாமின் கடைசி நாளில் போட்டி வைத்துக் கோப்பை கொடுக்கும் வழக்கத்தையும், பத்து வயதுக்கு உட்பட்டோர் அளவிலாவது நிறுத்திவைக்க வேண்டுகிறேன். போட்டி என்றதும் பிள்ளை கற்றதை எல்லாம் கைவிட்டுப் பந்தை எப்படியாவது அந்தப் பக்கம் தள்ளிவிடத்தான் பார்க்கும். அதற்கு மாற்றாக, இருவர் சேர்ந்து தவறவிடாமல் எத்தனை முறை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள் என்று எண்ணிப் பரிசு கொடுக்கலாம். அதில் எதிராளி இல்லை, கூட்டாளிதான் இருக்கிறார். இருவருக்குமே பந்து இடுப்பு உயரத்தில் வர வேண்டியிருக்கிறது.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முகாம் அறிவிப்புகளை வெளியிடும்போது ‘மட்டை கொண்டு வர வேண்டும்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதைப் படிக்கும் பெற்றோர், நாலைந்து வருடம் உழைக்கட்டும் என்று 27 அங்குலப் பெரியவர் மட்டையை வாங்கிவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. ஆறு வயதுவரை 19 அல்லது 21 அங்குலம், எட்டு வயதுவரை 23, பத்து வயதுவரை 25, பன்னிரண்டு வயதுவரை 26, அதற்குப் பிறகே 27 என்னும் அளவு, பிள்ளையின் உயரத்தைப் பொறுத்து ஓர் அங்குலம் முன்பின்னாக, பொதுவாகப் பொருந்தும். வரும் ஏப்ரலில் முகாம் நடத்துபவர்கள் அறிவிப்பு அனுப்பும்போது இந்த அளவுகளையும், முகாமில் எந்த நிறப் பந்து பயன்படுத்தப்படும் என்பதையும் கேட்டு வாங்கி, அறிவிப்போடு சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
காரைக்குடி.